படகு தண்ணீர் குடிக்கட்டும்

எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. தலையில் பாதி நரைத்துவிட்டது. சொந்தமாக ஒரு பேக்கரி நடத்துகிறேன். அங்கே வேலை செய்கிறவர்கள் என்னை ‘மேடம்’ என்கிறார்கள். வீட்டுக்குள் காலை வைத்ததும் நான் பாப்பா ஆகிவிடுவேன். “பாப்பாவுக்கு என்ன தெரியும்?” “பாப்பாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்.” “பாப்பா அட்ஜஸ்ட் பண்ணிக்கும்.” இதையே கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அப்பா போன பிறகு அண்ணன்கள் இருவரும் பாகம் பிரித்தார்கள். வீடு பெரியண்ணனுக்கு. கடைத்தெருவில் இருந்த கடை சின்னண்ணனுக்கு. அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன், சாமான் போட்டு வைக்க இடம் வேண்டுமாம். எனக்கு? “பாப்பா எங்ககூடவே இருந்துக்கும்” என்றார் பெரியண்ணன், பழைய பீரோவை எந்த அறையில் தள்ளுவது என்று முடிவு செய்கிற குரலில். மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். அண்ணியின் சொந்தக்காரர்கள் வந்தால் அதுவும் போய்விடும். நான் போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வருவேன். கல்யாணம் வேண்டாம் என்றது என் முடிவு. அதற்காக ஆயுசு முழுக்கப் போர்வையைச் சுருட்ட வேண்டுமா? நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

யாருக்கும் வேண்டாமல் மிச்சம் கிடந்தது ஏரிக்கரைப் படகுக் கொட்டகை. தகரக் கூரை, மரச் சுவர், உள்ளே ஒரு சின்ன அறை, தண்ணீருக்குள் இறங்கும் சரிவு. சரிவின் தலைமாட்டில், சக்கரம் வைத்த சட்டத்தின்மேல் அந்த மோட்டார் படகு கிடந்தது. முழுக்க முழுக்க மரம். மெல்லிய சிவப்பு மரப்பலகைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி அடுக்கி, நடுவே வெள்ளைக் கோடு ஓடும் மேல்தளம். ஒரு காலத்தில் முகம் பார்க்கலாமாம் அதில். இப்போது தார்ப்பாய் கிழிந்து, பறவை எச்சம் காய்ந்து, பெயிண்ட் டப்பா வைத்த வட்ட வட்டத் தழும்புகளோடு இருந்தது. உடைந்த நாற்காலிகளை அதன்மேல் அடுக்கியது சாட்சாத் பெரியண்ணன்தான். அப்பாவுக்கும் அதன்மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. யாரிடமோ வாங்கினார், கொஞ்ச நாள் ஓட்டினார், அலுத்துப்போய்ப் போட்டுவிட்டார்.

ஒரு மதியச் சாப்பாட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஓட்டல் கட்டுகிற ஒருவர் கொட்டகையைக் கேட்கிறார் என்றார் பெரியண்ணன்.

“அந்தப் படகு?” என்று கேட்டேன்.

“அறுத்து விறகாக்க வேண்டியதுதான்.”

“வேண்டாம். கொட்டகை எனக்கு வேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சின்னண்ணன்கூடச் சிரித்தான், பாவி. “எதுக்கு பாப்பா?” என்றார் பெரியண்ணன்.

“இருக்கறதுக்கு. என் போர்வையைச் சுருட்டாம ஒரு இடத்துல படுக்கறதுக்கு.”

அண்ணி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. பெரியண்ணன் வாய் நிறையச் சோற்றோடு, “சரி போ! அந்த ஓட்டைப் படகு மிதந்துச்சுன்னா கொட்டகைய நீயே வச்சுக்க. நானே கையெழுத்துப் போட்டுத் தரேன். அந்த ஆளு கோடை முடிஞ்சுதான் வராரு. அது வரைக்கும் உன் இஷ்டம்” என்றார்.

அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு. எனக்கு அது வாக்கு. மறுநாளே நாற்காலிகளை இறக்கி வெளியே எறிந்தேன்.

காலையில் பேக்கரி, மதியத்துக்கு மேல் கொட்டகை என்று என் பொழுது இரண்டாக உடைந்தது. வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் பழைய வார்னிஷை இளக்கிச் சுரண்டினேன். உளுத்த பலகைகளைப் பெயர்த்துவிட்டுப் புதுசு வெட்டிப் பொருத்தினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகையே அழிந்துபோனது. வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து, காய்ந்ததும் அதையும் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்து… அடித்ததையே எதற்குத் தேய்க்கிறாய், உனக்குப் பைத்தியமா என்று கேட்காத ஆள் இல்லை. சிவப்புத் தூசியோடு பேக்கரிக்குப் போனால், மாவு பிசைகிற பெண், “மேடம், இன்னிக்கு ரொட்டிக்கு நீங்களே கலர் போட்டுடுவீங்க போல” என்பாள். எஞ்சினை மட்டும் லாரி மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுக் கழற்றி, பழுது பார்த்து, கொட்டகை மூலையில் ஸ்டாண்டில் நிறுத்திவைத்தேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், ஆமாம், வீடியோ பார்த்துத்தான். “பாப்பா வீடியோ பார்த்துக் கப்பல் விடுது” என்று பெரியண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு நாள் வேவு பார்க்க வந்தார். மேல்தளம் பளபளவென்று இருந்ததில் குனிந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஷூ போட்ட காலோடு அதன்மேல் ஏறி நின்றார். குதிகால் பட்ட இடத்தில் ஒரு கீறல்.

“அண்ணே! ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க!” என்று கத்தினேன்.

“ஓட்டைப் படகுக்கு இவ்வளவு மரியாதையா?” என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே இன்னும் இரண்டு எட்டு நடந்து, இறங்கிப் போனார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு அந்தக் கீறலைத் தேய்த்தேன்.

மேல்தளம் முடிந்து அடிப்பலகைக்கு வந்தேன். இத்தனை வருஷம் தண்ணீர் படாமல் காய்ந்ததில் பலகைகள் சுருங்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு விட்டிருந்தது. படகுக்குள் குனிந்து பார்த்தால் வெளிச்சம் கோடு கோடாகத் தெரியும். இங்கேதான் சூட்சுமம். ஒருமுறை மாற்றுப் பலகை ஒன்றை அச்சாக வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு, ஈரத் தரையில் மறந்து போட்டுவிட்டேன். மறுநாள் அதே பலகை அதே இடத்தில் நுழையவே இல்லை. தண்ணீர் குடித்து உப்பிவிட்டது! எனக்கு உடனே விளங்கிவிட்டது. ரொட்டி டின்னில் விளிம்புவரை மாவை நிரப்பினால் என்ன ஆகும் என்று எந்த பேக்கரிக்காரியும் சொல்வாள். உப்புவதற்கு இடம் விட வேண்டும். படகைத் தண்ணீரில் விட்டால் பலகை உப்பி, இடுக்கைத் தானே மூடிக்கொள்ளும். அது வரைக்கும் ஒழுகத்தான் செய்யும். அதனால் எப்போதும் இளகலாகவே இருக்கும் மெழுகு மாதிரிப் பசையை இடுக்கில் லேசாகத் தடவிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஓட்டல்காரர் வருவது ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. நான் அதற்கு முந்தின புதன்கிழமையே படகை இறக்குவதாக இருந்தேன். ஊறுவதற்கு அவகாசம் வேண்டுமே.

செவ்வாய்க்கிழமை கொட்டகைக்குள் நுழைந்தால், படகுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சின்னண்ணன்! கையில் டைல்ஸ் இடுக்குக்குப் போடுகிற எபாக்ஸி, முகத்தில் கல்யாண மாப்பிள்ளைச் சிரிப்பு.

“பாப்பா, கவலையே படாத. ஒரு கோடு வெளிச்சம் தெரியாது இனிமே. காலைலேர்ந்து போடறேன். இந்தப் பக்கம் ஃபுல்லா முடிச்சுட்டேன். கல்லு மாதிரி நிக்கும்!”

தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் முழுக்கக் கல் மாதிரித்தான் இருந்தது.

“அடப்பாவி! என்னடா பண்ணி வச்சிருக்க?” அண்ணன் என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன், எப்போதும் வா போ என்றுதான் பேசுவேன், ஆனால் ‘டா’ போட்டது அன்றைக்குத்தான். “பலகை உப்பும்டா! உப்பி எங்க போகும்? பக்கத்துல இருக்கறதைத் தள்ளும். தள்ளி, உள்ள இருக்கிற விலாச் சட்டத்தை மடக் மடக்குன்னு ஒடிக்கும்! உன்னை யாரு கேட்டா?”

“இடுக்கு தெரிஞ்சுதே…” என்றான். “நீ தோத்துடுவியோன்னு பயமா இருந்துச்சு பாப்பா. அன்னிக்கு நானும் சிரிச்சுட்டேன்ல.”

ஆயுசு முழுக்கக் குளியலறையில் மண்டிபோட்டு, இடுக்கில்லாமல் ஒட்டுவதே பெருமை என்று வாழ்கிறவன். இடுக்கைப் பார்த்தால் அவன் கை சும்மா இருக்காது. அது தெரிந்தும் எனக்கு அவனை அடிக்கத் தோன்றியது. சத்தியமாக அடித்திருப்பேன். அதற்குப் பதிலாக வெப்பக்காற்றுத் துப்பாக்கியை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

“போட்டவன்தான் எடுக்கணும். படு கீழ.”

சூடு காட்டினால் எபாக்ஸி கொஞ்சம் இளகும். இளகின கையோடு கொக்கிக் கத்தியால் இழுக்க வேண்டும். அவன் சூடு காட்ட, நான் இழுக்க, புதன் போனது. நான் சூடு காட்ட, அவன் இழுக்க, வியாழன் போனது. ஒரு இடத்தில் பலகையின் விளிம்பே பிய்ந்து கையோடு வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பெரியண்ணன் வந்து எட்டிப் பார்த்து, “அடைச்சதை எதுக்குடா பேக்கறீங்க? கிழிஞ்சுது போ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம், சட்டத்தைக் கம்பி கட்டி ஏற்றி இறக்கும் வின்ச்சைச் சுற்றிப் படகை இறக்கினோம். எழும்பி நகராமல் இருக்கச் சட்டத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, உள்ளே மைதா சாக்குகளில் மணல் நிரப்பிப் போட்டிருந்தேன். பெரியண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கொட்டகைக்காரர்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். தண்ணீர் பலகையைத் தொட்டதும் எல்லா இடுக்கிலும் ஒரே நேரத்தில் பீய்ச்சி அடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்காரும் பலகை முங்கியது. கடைசியில் மேல்தளம் மட்டும் வெளியே தெரிய, படகு சட்டத்தின்மேல் அப்படியே நிறைந்து நின்றது.

“மூழ்கிடுச்சு!” என்றார் பெரியண்ணன். அந்த முகத்தில்தான் எத்தனை சந்தோஷம்!

“மூழ்கல. தண்ணி குடிக்குது. குடிக்கட்டும்” என்றேன்.

“போதும் பாப்பா. நல்லாத்தான் விளையாடின. மேல இழுத்துப் போட்டுடலாம். காலைல ஆள் வந்து அறுத்து எடுத்துட்டுப் போயிடுவான்.” சொல்லிக்கொண்டே போய் வின்ச்சில் கையை வைத்துவிட்டார்.

மேலே இழுத்தால் எல்லாம் போச்சு. மறுபடி காய்ந்துவிடும், இல்லை, காய்வதற்குள் ரம்பம் வந்துவிடும். உடுத்தின துணியோடு தண்ணீரில் இறங்கி, படகுக்குள் ஏறி, ஓட்டுகிற இருக்கையில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் மார்புவரை வந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

“இழுங்க அண்ணே. என்னையும் சேர்த்து இழுங்க.”

“எந்திரிச்சு வா. சளி பிடிக்கும்.”

“பிடிக்கட்டும். மிதக்கணும்னுதானே பேச்சு? ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கு. உங்க வாயால சொன்னதுதானே?”

“ஊரே பார்த்துச் சிரிக்குது!”

“நான் ஹால்ல படுத்தப்ப மட்டும் யாரும் பார்க்கலையா?”

யாரும் சிரிக்கவில்லை. பெரியண்ணன் வின்ச்சைப் பிடித்தபடியே நின்றார். அண்ணி என்னையே பார்த்தாள். கடைசியில் பெரியண்ணன் கையை எடுத்துவிட்டுக் காரை நோக்கிப் போனார். கார் போன பிறகுதான் சின்னண்ணன் வின்ச்சின் கைப்பிடியைக் கழற்றித் தன் பைக் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினான். “இனி யார் இழுக்கறான்னு பாக்கறேன்” என்றான். என் ஆத்திரம் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

சனிக்கிழமை மதியம் பம்பு போட்டு இறைத்தோம். இறைத்த தண்ணீர் அத்தனையும் திரும்பி வந்தது. ஆனால் முன்னைப்போலப் பீய்ச்சவில்லை, கசிந்துதான் வந்தது. மறுபடி ஊற விட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறைத்தபோது அடிப்பலகை ஈரத்தோடு வெளியே தெரிந்தது. ஒவ்வொரு இடுக்காகக் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். மூடியிருந்தது. அடுத்ததும் மூடியிருந்தது. இடது பக்கம், விளிம்பு பிய்ந்த அந்த ஒரே இடத்தில் மட்டும் தண்ணீர் மெல்ல ஊறி வழிந்தது.

சின்னண்ணன் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினான். “பாப்பா, கொஞ்சூண்டு எபாக்ஸி…”

“கையை எடு.”

“இடுக்கு தெரியுதே!”

“தெரியட்டும். அதுவே மூடும். கையை எடுத்துக் காலுக்கு அடியில வச்சு உட்காரு.”

அவன் நிஜமாகவே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நானும் எதிரே உட்கார்ந்தேன். அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த ஒன்று மூடாவிட்டால் இன்று இரவு நான் மாடிக்குத்தான் போக வேண்டும், நாளைக்குப் போர்வை, நாளன்றைக்கும் போர்வை. அவன் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. அவன் வாழ்க்கையில் இதைவிடக் கஷ்டமான வேலை எதையும் செய்திருக்க மாட்டான். வழிந்தது சொட்டாயிற்று. சொட்டு விட்டு விட்டு வந்தது. அப்புறம் வரவில்லை.

வெளியே கார் வந்து நின்றது. பெரியண்ணன், அண்ணி, கூடவே ஓட்டல்காரர். நாங்கள் அவசர அவசரமாக மணல் சாக்குகளைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தோம். கயிற்றை அவிழ்த்தேன். படகு சட்டத்தை விட்டு மெல்ல எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, என் காலுக்குக் கீழே அசைய ஆரம்பித்தது. மேல்தளத்தில் வானம் தெரிந்தது. ஒரு பக்கமிருந்து சின்னண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான், சின்னக் குழந்தை மாதிரி அழுதுகொண்டே.

ஓட்டல்காரர், “அழகா இருக்குங்க!” என்றார், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து.

பெரியண்ணன் கரையிலேயே நின்றார். “எஞ்சின் இல்லாம மிதக்கறதெல்லாம் ஒரு மிதப்பா?”

“மிதக்கணும்னுதான் சொன்னீங்க. ஓடணும்னு சொல்லல. எஞ்சினை மாட்டி ஓட்டியும் காட்டறேன், அது வேற கதை.”

“அட, அன்னிக்கு ஏதோ சாப்பாட்டு நேரத்துல விளையாட்டுக்குச் சொன்னதை…”

“விளையாட்டுக்கா?” என்றாள் அண்ணி. இத்தனை வருஷத்தில் அவள் அவர் பேச்சுக்குக் குறுக்கே வந்து நான் பார்த்ததே இல்லை. “நான்தான் பரிமாறிட்டு இருந்தேன். கையெழுத்துப் போட்டுத் தரேன்னு சொன்னீங்க. என் காதால கேட்டேன்.”

பெரியண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓட்டல்காரரைப் பார்த்தார். “உள்ள எங்கயாவது பம்பு ஓடுதான்னு பாக்கணும்” என்று முணுமுணுத்தபடி படகில் ஏற ஒரு காலைத் தூக்கினார்.

“ஷூ” என்றேன்.

தூக்கின கால் அந்தரத்தில் நின்றது. நான் நகரவில்லை. சின்னண்ணன் மூக்கை உறிஞ்சினான். பெரியண்ணன் காலைக் கீழே வைத்து, குனிந்து, ஒவ்வொரு ஷூவாக நாடாவை அவிழ்த்தார். வெறுங்காலோடு மேல்தளத்தில் அடி எடுத்து வைத்தார், வழுக்குமோ என்று பயந்துகொண்டே. உள்ளே குனிந்து அடிப்பலகையை உள்ளங்கையால் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். எந்தப் பம்பும் இல்லை. தண்ணீரும் ஏறவில்லை.

“சரி பாப்பா” என்றார் நிமிராமலே. “நாளைக்கே பத்திரம் எழுதிடலாம்.”

“எழுதுங்க அண்ணே. ஆனா அதுல பாப்பான்னு எழுத முடியாது. எனக்கு ஒரு பேரு இருக்கு. மறந்து போயிருந்தா இப்பவே கேளுங்க, சொல்றேன்.”